இடிந்த நாட்டுக்கு எப்போது போவது, எப்படிப் போவது

2014ஆம் ஆண்டில் நேபாளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 7,90,118 பேர். மறு ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது 7.8 அளவிலான நிலநடுக்கம் அந்நாட்டை உலுக்கியது. மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக இடிந்தன. சனிக்கிழமை நேபாளத்தில் வார விடுமுறை. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்ததால்தான் பல்லாயிரம் குழந்தைகள் தப்பினார்கள். அந்த ஆண்டின் பயணிகள் கணக்கு 5,38,970 ஆகச் சரிந்தது. 2016இல் அது 7,53,002, 2017இல் 9,40,218, 2018இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாடு எழுந்து நின்றுவிட்டது என்று இந்த எண்களைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பயணிக்கு வேண்டிய பதில் இவற்றில் இல்லை. 2015 மே முதல் வாரத்தில் காத்மாண்டுவில் இறங்கிய சுற்றுலாப் பயணி அந்த ஊருக்கு இடைஞ்சல். 2016 அக்டோபரில் இறங்கியவர் அதே ஊருக்குப் பிழைப்பு. இடையில் எங்கே அந்தக் கோடு விழுகிறது, அதை வீட்டில் உட்கார்ந்தபடியே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது. உதாரணம் பெரும்பாலும் நேபாளம். நம்மவர்கள் அதிகம் போகிற நாடு என்பது ஒரு காரணம். அந்த நிலநடுக்கத்துக்குப் பின் நடந்தவை நன்றாகப் பதிவாகியிருக்கின்றன என்பது இன்னொன்று.

பேரிடர் கண்ட நாட்டைப் பற்றிக் கேட்டால் பொதுவாக இரண்டு யோசனைகள் வரும். ‘ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம்’ என்பார் ஒருவர். ‘இப்போதே போங்கள், உங்கள் பணம் அவர்களுக்கு உதவும்’ என்பார் மற்றவர். முன்னவர் நாள்காட்டியைப் பார்க்கிறார், பின்னவர் பயணியின் நல்ல மனத்தைப் பார்க்கிறார். அந்த ஊரில் அன்றைக்கு எது இருக்கிறது, எது இல்லை என்பதை இருவருமே பார்ப்பதில்லை. பயணி ஒரு ஊரில் வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வருவதில்லை. விமானம் இறங்க ஓர் இடம், படுக்க ஒரு கட்டில், வண்டிக்கு டீசல், குடிக்கத் தண்ணீர், கால் பிசகினால் ஒரு மருத்துவர் என்று பலவற்றை அங்கே செலவழிக்கிறார். அவற்றில் ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டவருக்கும் அதே நாளில் தட்டுப்பாடாக இருந்தால் போகக்கூடாது. அந்தக் கட்டில் ஆளில்லாமல் கிடக்கிறது, அதன் சொந்தக்காரர் கடனுக்கு வட்டி கட்ட வழியில்லாமல் இருக்கிறார் என்றால் போகலாம், போவதே நல்லது. நம் ஊர்ப்புறங்களில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. விசாரிக்கப் போகிறவர் அங்கே சாப்பாட்டை எதிர்பார்ப்பதும் இல்லை, சோறு பங்காளி வீட்டிலிருந்து வரும். காரியம் முடிந்த பிறகு உறவுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அதுவே பெரிய மனத்தாங்கலாகிவிடும். இந்த இங்கிதம் நமக்குப் புதிதில்லை. ஒரு நாட்டின் அளவுக்கு அதை விரித்துப் பார்க்கத்தான் கொஞ்சம் தகவல் தேவைப்படுகிறது.

2015இல் முதல் தட்டுப்பாடு ஓடுபாதை. நாட்டுக்கு அப்போது இருந்த பன்னாட்டு விமான நிலையம் காத்மாண்டுவின் திரிபுவன் ஒன்றுதான். அதற்கும் ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்கள் நிற்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலநடுக்கம் நடந்த நாளிலிருந்தே மீட்புக் குழுக்கள், கூடாரங்கள், மருந்துப் பெட்டிகள், இந்திய விமானப் படையின் சரக்கு விமானங்கள் எல்லாம் அந்த ஒரே வாசலில் வந்து முட்டின. இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடித்த விமானங்கள் உண்டு. டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் திருப்பி அனுப்பப்பட்டவையும் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதையே பழுதடைந்து, மிகப் பெரிய விமானங்கள் இறங்கத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் விமான இருக்கை ஒன்றைச் சுற்றுலாப் பயணி பிடித்துக்கொள்வது என்பது ஒரு மருத்துவரின் இடத்தையோ, சில மூட்டைத் தார்ப்பாய்களின் இடத்தையோ பிடித்துக்கொள்வதற்குச் சமம். ஊருக்குள்ளும் இதே கதைதான். வீடு நிற்பவர்கள்கூட அடுத்த அதிர்வுக்குப் பயந்து துண்டிகேல் மைதானத்தில் கூடாரமடித்துப் படுத்திருந்தார்கள். திறந்திருந்த விடுதிகளில் மீட்புப் பணியாளர்களும் செய்தியாளர்களும் நிறைந்திருந்தார்கள். ஆக, முதல் சில வாரங்களைப் பற்றி வாதிட எதுவும் இல்லை. பயிற்சியும் அழைப்பும் இல்லாதவர் போகக்கூடாது. ‘கையில் நாலு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் ஏதாவது செய்கிறேன்’ என்று கிளம்புகிறவருக்கும் இது பொருந்தும். அவரும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

ஆனால் ‘நாடு’ என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றிவிடுகிறது. நேபாளத்தில் அப்போது இருந்த 75 மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை என்று அரசு வகுத்தவை 14. நிலநடுக்கத்தின் மையப்புள்ளி கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமம் அருகே. அங்கிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் பொக்காரா காத்மாண்டுவைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இருந்தும் காத்மாண்டுவில் கோயில்கள் மண்ணாயின, பொக்காராவில் ஏரிக்கரை விடுதிகள் அப்படியே நின்றன. காரணம், பூமிக்கடியில் பிளவு மையப்புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அழிவும் அதே திசையில் போனது. மையப்புள்ளி இருந்த கோர்க்காவில் இறந்தவர்கள் சுமார் 450 பேர் என்றால், கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிந்துபால்சோக்கில் 3,500 பேருக்கு மேல். தொலைக்காட்சியில் வரைபடத்தின் மேல் வரைந்து காட்டும் சிவப்பு வட்டங்கள் இதைச் சொல்வதில்லை. அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் உலகம் முழுவதும் பயணிகள் பொக்காரா, சித்வான், லும்பினி எல்லாவற்றுக்கும் முன்பதிவை ரத்து செய்தார்கள். அங்கே படகோட்டிக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் வீடு இடியவில்லை, பிழைப்பு மட்டும் இடிந்தது. அந்தப் பாதிப்பு எந்த நிவாரணப் பட்டியலிலும் ஏறாது.

தமிழ்நாட்டிலிருந்து போகிற யாத்திரிகர்களுக்கு இது நேராகவே பொருந்தும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், அதாவது முக்திநாத், முஸ்தாங் மாவட்டத்தில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோரக்பூர், சோனௌலி, பொக்காரா, ஜோம்சோம் வழியாகப் போகிறவர்கள் காத்மாண்டுவைத் தொடவே வேண்டியதில்லை. 2015இல் அந்த மேற்குப் பாதைக்கும் கிழக்கே இடிந்து கிடந்த பகுதிக்கும் ஒரே நாடு என்பதைத் தவிர வேறு சம்பந்தம் அதிகமில்லை. எனவே எந்தப் பேரிடர் செய்தி வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, நம் பாதையில் இருக்கும் மாவட்டங்களோடு ஒப்பிடுவது. 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் பகுதியில் நிலநடுக்கம் வந்து 150 பேருக்கு மேல் இறந்தபோதும் இப்படி ஒப்பிட்டவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை. இதற்கு நேர்மாறாக 2024 செப்டம்பர் இறுதியில் பெய்த பேய்மழை காத்மாண்டுவைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளையே அறுத்தது. நிலச்சரிவில் பேருந்துகள் புதைந்தன. அந்த வாரத்தில் இலக்கு பத்திரமாக இருந்தாலும் பாதை பத்திரமாக இல்லை. ஊர், வழி இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

தட்டுப்பாட்டைப் பார்க்கும் அளவுகோல் நாள்காட்டியைவிடச் சிறந்தது என்பதற்கு 2015இன் இலையுதிர் காலமே சான்று. அக்டோபர், நவம்பர் நேபாளத்தின் முக்கியமான பருவம். மழை ஓய்ந்து மலை துலக்கமாகத் தெரியும் மாதங்கள். நிலநடுக்கம் முடிந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அன்னபூர்ணா, எவரெஸ்ட் நடைபாதைகளை மியாமோட்டோ என்ற பொறியியல் நிறுவனம் ஆராய்ந்து, பெரும்பகுதி பாதுகாப்பாக உள்ளது என்று அறிக்கை தந்துவிட்டது. ஜூன் 15 அன்றே காத்மாண்டு பள்ளத்தாக்கின் பாரம்பரியச் சதுக்கங்களை அரசு திறந்துவிட்டது. அவ்வளவு அவசரம் வேண்டாம் என்று யுனெஸ்கோ கவலைப்பட்டது வேறு விஷயம். நாள்காட்டிப்படி எல்லாம் சரி. ஆனால் செப்டம்பர் 20 அன்று புதிய அரசியல் சாசனம் வந்ததையொட்டித் தராய் சமவெளியில் கிளர்ச்சி மூண்டது, இந்திய எல்லை வழியே சரக்குப் போக்குவரத்து முடங்கியது. 2016 பிப்ரவரி வரை நீண்ட அந்த முடக்கத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது, சமையல் எரிவாயு உருளைகளைப் பாதி நிரப்பித் தந்தார்கள், உணவகங்கள் விறகடுப்புக்குத் திரும்பின. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் முதல் குளிர்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. அப்போது போன பயணி என்ன செய்திருக்கலாம்? வாடகை வண்டி எடுத்து ஊர் ஊராகச் சுற்றுகிற திட்டம் கூடாது. அது பிறர் எரிபொருளை எரிப்பது. பொக்காராவரை பொதுப்பேருந்தில் போய், அங்கிருந்து கால்நடையாக மலையேறுகிற திட்டம் பரவாயில்லை. வழியில் உள்ள விடுதிகள் காலியாகக் கிடந்தன. போகலாமா என்ற ஒரே கேள்விக்கு ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், இரண்டு பதில்கள் இருந்திருக்கின்றன.

இதையெல்லாம் படிக்கிறவர், ‘சீக்கிரம் போவதற்கு ஒரு சாக்குத் தேடுகிறார்கள்’ என்று நினைக்கக்கூடும். அதே அளவுகோல் ‘போகாதே’ என்றும் கண்டிப்பாகச் சொல்லும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளின் மாவி ஓர் உதாரணம். 2023 ஆகஸ்ட் 8 அன்று அங்கே லஹைனா நகரம் எரிந்து சாம்பலானது. சுமார் நூறு பேர் இறந்தார்கள், 2,200க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் அக்கம்பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 8 முதல், மேற்கு மாவியைப் பயணிகளுக்கு மீண்டும் திறக்க அரசு முடிவெடுத்தபோது உள்ளூர் மக்கள் பலர் கொதித்துப்போனார்கள். அவர்கள் படுத்திருந்த கட்டிலும் பயணி கேட்ட கட்டிலும் ஒன்று. கடற்கரையில் இரவும் பகலும் மீன்பிடிக்க அங்கே உரிமை உண்டு என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, கானாபலி என்ற சொகுசு விடுதிக் கடற்கரையில் தூண்டிலை நட்டுக் கூடாரம் போட்டுப் போராடினார்கள். பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளை வீடிழந்தவர்களுக்கு நீண்ட கால வாடகைக்குத் தரவேண்டும் என்பது கோரிக்கை. அதே தீவின் தெற்குப் பகுதியில் நிலைமை தலைகீழ். தீவுக்கே வரவேண்டாம் என்று பரவிய பேச்சால் அங்கே விடுதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆக, மேற்கு மாவியில் ஓர் அறை எடுப்பது அந்த மாதங்களில் தவறு. தெற்கே எடுப்பது உதவி. பணக்கார நாடா, ஏழை நாடா என்பதில்கூட இந்தக் கணக்கு மாறவில்லை.

அடுத்த ஆட்சேபம் கண்ணியம் சம்பந்தப்பட்டது: அடுத்தவர் அழுவதை வேடிக்கை பார்க்கப் போவதா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காத்மாண்டுவின் தராஹரா கோபுரம் 1934 நிலநடுக்கத்திலும் விழுந்தது, 2015இலும் விழுந்தது. இரண்டாம் முறை உள்ளே இருந்தவர்களோடு விழுந்தது. சில நாட்களுக்குள் அதன் அடிக்கட்டைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேர்ந்தது. (பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். அந்நியருக்கு மட்டுமே உரிய வியாதி அன்று இது.) பறிகொடுத்தவர்களிடம் ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்’ என்று மைக்கை நீட்டிய தொலைக்காட்சிகளால் நேபாளிகள் வெறுத்துப்போய், இந்திய ஊடகங்களை ஊருக்குத் திரும்பச் சொல்லும் ஹேஷ்டேக் உலகளவில் முன்னணிக்கு வந்தது. அந்தக் கோபம் யார் மீது வந்தது என்று கவனிக்க வேண்டும். வந்தவர் மீது வரவில்லை. முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நின்று கான்கிரீட்டை நகர்த்திய இந்திய மீட்புக் குழுவினருக்கு எதிராக அப்படி எதுவும் கிளம்பவில்லை. துயரத்தைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டு போகிறவர் மீதுதான் வந்தது. கேமரா வைத்திருக்கும் பயணிக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. கட்டடத்தை எடுக்கலாம், இடிந்த வீட்டின் முன் நிற்கும் ஆளை அவரே கேட்டாலொழிய எடுக்கவேண்டாம். கதையை அவராகச் சொன்னால் கேட்கலாம். கேள்வி கேட்டுக் கறக்கவேண்டாம்.

லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போகிறவர் இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே முடியாது. பாதையே புதைந்த ஊரின் மேல்தான் போகிறது. ஏப்ரல் 25 அன்று லாங்டாங் லிருங் சிகரத்தின் பக்கத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து விழுந்து லாங்டாங் கிராமத்தை மூடியது. கிராமத்தார், வழிகாட்டிகள், வெளிநாட்டு நடைப்பயணிகள் என்று 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவு கிளப்பிய காற்று எதிர்ச்சரிவின் மரங்களைச் சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் படுக்கவைத்தது. செங்குத்துப் பாறையின் அடியில் ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. மற்றவை கல்மேட்டுக்குக் கீழே கிடக்கின்றன. தப்பியவர்கள் மாதக்கணக்கில் காத்மாண்டுவில் ஒரு மடத்து வளாகத்தில் கூடாரங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். திரும்பியதும் கட்டியவற்றில் முதன்மையானவை நடைப்பயணிகளுக்கான விடுதிகள்தான். மேலே கியான்ஜின் கோம்பாவில் சுவிஸ் உதவியோடு 1950களில் தொடங்கிய பாலாடைக்கட்டிக் கூடமும் சேதமாகிப் பின் எழுந்தது. உயிர்களையும் மாடுகளையும் சேர்த்து இழந்த ஊர், பயணி வருவார் என்று நம்பித்தான் கடன் வாங்கிக் கூரை போட்டிருக்கிறது. மரியாதை கருதி அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறவரின் மரியாதை அந்த ஊருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சுவர் அங்கே இருக்கிறது. மலையின் வழக்கப்படி அத்தகைய சுவர்களை வலப்பக்கமாக வைத்துச் சுற்றிப் போகவேண்டும். கோயில் பிரகாரத்தைச் சுற்றிப் பழகிய நமக்கு அது தானாக வரும்.

‘பயணத்துக்குச் செலவழிக்கும் பணத்தை நன்கொடையாக அனுப்பிவிட்டால் என்ன?’ என்பது கனமான கேள்வி. பதில் பாதி ஆமாம். சிந்துபால்சோக்கின் மலைச்சரிவில் சோளம் விதைக்கும் குடியானவருக்குச் சுற்றுலா எதுவும் தராது. அவருக்கு நன்கொடையும் அரசுப் பணமும்தான் வழி. அப்படிப்பட்டவர்கள்தான் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மை. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றது என்ற கணக்கே பொருந்தாது. ஆனால் நன்கொடை எவ்வளவு மெதுவாக நகரும் என்பதையும் நேபாளம் காட்டியது. 2015 ஜூன் 25 அன்று காத்மாண்டுவில் கூடிய நாடுகள் 400 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதியளித்தன. இந்தியா மட்டும் 100 கோடி. அந்தப் பணத்தைக் கையாள வேண்டிய தேசிய மறுகட்டமைப்பு ஆணையம் அரசியல் இழுபறியில் டிசம்பர் கடைசி வரை செயலுக்கு வரவே இல்லை. வீடு கட்ட முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய், பிறகு அதை 3 லட்சமாக உயர்த்தி மூன்று தவணைகளில் தந்தார்கள்; முதல் தவணை மக்கள் கைக்கு வரத் தொடங்கியது 2016இல். அதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் போயிருந்தன. விடுதியில் இரவு தங்கி, பருப்பும் சோறும் சாப்பிட்டு, காலையில் கொடுக்கும் பணத்துக்கு ஆணையம் வேண்டாம், தவணை வேண்டாம். வீட்டிலிருந்து நன்கொடை அனுப்புவதும் பிறகு போய்ச் செலவழிப்பதும் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிற பணம். வசதியுள்ளவர் முதல் வாரத்தில் ஒன்றையும், அடுத்த பருவத்தில் மற்றதையும் செய்யலாம்.

செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்று பார்க்காமல் செலவழித்தால் இந்த வாதம் பலவீனமாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ முழுத் தொகையையும் கட்டி, பெரிய ஓட்டலில் தங்கி, கூட வந்த சமையற்காரர் செய்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுத் திரும்பினால், இடிந்த ஊரில் தங்கும் பணம் வெகு சொற்பம். சமையற்காரரோடு போகும் யாத்திரைக் குழுக்களுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். வயதானவர்களின் உணவுக் கட்டுப்பாடு புரிகிறது. ஆனாலும் காய்கறியையாவது பொக்காராச் சந்தையில் வாங்கலாம், அறையையாவது உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் எடுக்கலாம். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது பல்லாண்டுகளாக நிலையாக உள்ள மாற்று விகிதம்; பேரம் பேசி மிச்சம் பிடிக்கும் ஐம்பது ரூபாய் நம் கணக்கில் முப்பத்தோரு ரூபாய்தான். நுழைவுக் கட்டணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்தபூரின் பழைய நகருக்குள் போகக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவர் என்பதால் இந்தியருக்குக் குறைவு. அந்நகராட்சி அந்தப் பணத்தைப் பாரம்பரியக் கட்டடங்களின் பராமரிப்புக்குச் செலவிடுகிறது. 2015இல் வத்சலா கோயில் இடிந்து, 1702இல் கட்டிய ஐந்தடுக்கு ந்யாதபோலா பெரிய சேதமின்றி நின்ற ஊர் அது. மறுகட்டமைப்பை நகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் விடாமல் தெருக்காரர்களே அமைக்கும் உபபோக்தா சமிதிகள் மூலம் நடத்தியது. நிபந்தனைகள் பிடிக்காமல் ஜெர்மானிய நிதியுதவியை வேண்டாம் என்று சொன்னதும் அதே நகராட்சிதான். சந்துவழியாக நழுவிக் கட்டணம் தப்பிக்கும் சாமர்த்தியத்தை எந்த ஊரில் காட்டினாலும் இங்கே காட்டாதீர்கள். பள்ளத்தாக்கின் இன்னொரு பழைய நகரான பாதானிலும் இத்தகைய மறுகட்டமைப்பைக் கண்ணால் பார்க்கலாம். விழுந்த தூண்களையும் சித்திர வேலைப்பாடுள்ள மரச்சட்டங்களையும் பொறுக்கிச் சேர்த்து அருங்காட்சியக முற்றங்களில் அடுக்கி வைத்து, பழைய மரத்தோடு புதிய மரத்தை ஒட்டுச் சேர்த்துச் செதுக்கினார்கள். நல்ல வெளிச்சத்தில் அந்த ஒட்டின் நிற வேறுபாடு தெரியும். நேவார் தச்சர்களின் வேலை அது. பரம்பரைக் கைத்தொழிலுக்கு அந்த ஆண்டுகளில் கூலியும் கிடைத்தது.

பணமாகச் செலவழிப்பது கௌரவக் குறைவு, உழைப்பாகத் தருவதே உயர்வு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பேரிடருக்குப் பின் அது ஆபத்தான எண்ணம். குறிப்பாக, அநாதை இல்லங்களுக்குப் போய்ச் சில நாள் குழந்தைகளோடு இருந்துவிட்டு வருவது. நேபாளத்தின் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு, சாப்பாடு என்று ஆசை காட்டிக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகள் அவர்கள். அத்தகைய இல்லங்கள் பயணிகள் மொய்க்கும் மாவட்டங்களிலேயே குவிந்திருப்பது தற்செயலாக நடந்ததில்லை. நிலநடுக்கத்துக்குப் பின் இந்தக் கடத்தல் பெருகும் என்று யுனிசெஃப் எச்சரித்தது. பெற்றோரோ உரிய பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகள் பயணம் செய்ய அரசு தடை விதித்தது, வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் நிறுத்திவைத்தது. இனிப்பும் பென்சிலும் எடுத்துப் போகிற நல்லவர்தான் அந்தத் தொழிலின் வாடிக்கையாளர். செங்கல் சுமக்கப் போவதும் அவ்வளவு உசிதமில்லை. அந்தக் கூலி தேவைப்படுகிற உள்ளூர்க்காரர் பக்கத்திலேயே நிற்பார்.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் ஓராண்டில் 4க்கு மேற்பட்ட அளவிலான பின்னதிர்வுகள் நானூறுக்கும் மேல் பதிவாயின. அவற்றில் மே 12ஐத் தவிர மற்றவை பெரும்பாலும் உறக்கத்தைத்தான் கெடுத்தன. உண்மையான ஆபத்து இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, விரிசல் விட்டு நிற்கும் கட்டடம். பொறியாளர்கள் வீடு வீடாகப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள். அறை கேட்கும்போது ‘பச்சைச் சீட்டு இருக்கிறதா’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உரிமையாளரே பெருமையாகக் காட்டுவார். சீட்டு முறை இல்லாத நாட்டில், மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர், கடைக்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்டு மேலே மாடி மாடியாக ஏற்றிய கட்டடம், மரமுட்டுக் கொடுத்துத் தாங்கியிருக்கும் அண்டை வீடு ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பாதி ஆபத்து விலகும். மற்றொன்று மலைச்சரிவு. நிலநடுக்கம் குலுக்கிப் போட்ட மண் அடுத்த மழைக்காலங்களில்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளில், மலைச்சாலைப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாதவர் விடியற்காலையில் கிளம்பி இருட்டுமுன் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாளாவது கூடுதலாகக் கைவசம் வைத்திருக்க வேண்டும். சாலை மூடியிருக்கும்போது ‘அதெல்லாம் போய்விடலாம் சார்’ என்று சொல்லும் ஓட்டுநருக்கு அன்றைய வாடகைதான் கவலை.

மீதி இருப்பது காகித வேலை. ஒரு பேரிடர் நடந்த பிறகு வாங்கிய பயணக் காப்பீடு, பொதுவாக அந்தப் பேரிடரால் வரும் இழப்பை ஏற்காது; வாங்கும்போதே தெரிந்த விஷயம் என்று விலக்கிவிடுவார்கள். பயணம் போகக்கூடாது என்று அரசு அறிவித்திருக்கும் பகுதிக்குப் போனாலும் அப்படியே. எத்தனை மீட்டர் உயரம் வரை காப்பீடு செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் சேருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முக்திநாத் போகிற மூத்தவர்களுக்கு இது வெறும் சம்பிரதாயமில்லை. முன்பே பதிவு செய்திருந்து, அதற்குப் பிறகு பேரிடர் நடந்துவிட்டால், அவசரப்பட்டு ரத்து செய்யவேண்டாம். விமான நிறுவனங்கள் அத்தகைய சமயங்களில் தேதி மாற்றத்துக்குச் சலுகை அறிவிப்பது வழக்கம். அதற்காகச் சில நாள் பொறுக்கலாம். உள்ளூர் விடுதிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்காமல் அடுத்த பருவத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கையிலிருந்த ரொக்கத்தை முதல் வாரமே அவர் தார்ப்பாய்க்கும் அரிசிக்கும் கொடுத்திருப்பார். புதிய தேதியை மழை முடிந்த பிறகு, தசராப் பண்டிகைக் கூட்டம் கலைந்த பிறகு வையுங்கள். அந்தப் பண்டிகைக்கு ஓட்டுநரும் சுமைக்காரரும் தங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.